உள்ளூர் யுபிஎஸ்ஸுக்கு நட் டிரைவர்: எங்கே தொடங்குவது, எப்படிச் சோதிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கடையில் வாங்கிய 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் யுஎஸ்பி போர்ட் உண்டு, கூட வந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும். நீங்கள் லினக்ஸ் பயன்படுத்துகிறீர்கள். யுபிஎஸ்ஸைக் கண்காணித்துக் கணினியை ஒழுங்காக அணைக்கும் 'நட்' என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் பட்டியலில் உங்கள் மாடல் இல்லை. சி மொழி ஓரளவு தெரியும், டிரைவர் எழுதிக் கொடுக்க ஆசை. ஆனால் சந்தையில் உள்ள எல்லா யுபிஎஸ்ஸையும் யாரும் வாங்கி அடுக்கி வைத்திருக்க முடியாதே, அப்புறம் இவர்கள் எதை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். கடைசியில் வீட்டு இன்வெர்ட்டரையும் இதில் சேர்க்க முடியுமா என்று ஒரு வரி. நான் புரிந்துகொண்டவரை இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கரண்ட் போகிற அந்த நேரத்தில் மென்பொருள் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே எப்படி நம்புவது?

சிறிய அலுவலகங்களின் சர்வர்களையும் அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யுபிஎஸ்களையும் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். நட் திட்டத்துக்குச் சின்னத் திருத்தங்களும் சாதனத் தகவல்களும் அனுப்பிய பழக்கம் உண்டு. இங்கே சொல்வதெல்லாம் சிங்கிள் பேஸ் சின்ன யுபிஎஸ்களுக்குப் பொருந்தும். டேட்டா சென்டரில் நிற்கும் மூன்று பேஸ் பெட்டிகள் பெரும்பாலும் எஸ்என்எம்பி என்கிற நெட்வொர்க் கண்காணிப்பு முறை வழியாகப் பேசுபவை. அந்த உலகம் வேறு, அதைத் தொடவில்லை.

முதலில் நட் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். 1990களின் பிற்பகுதியில் ரஸ்ஸல் க்ரோல் தொடங்கி வைத்த திட்டம் இது. பிறகு நெடுங்காலம் ஆர்னோ கெத் வழிநடத்தினார், இப்போது ஜிம் கிளிமோவ் முன்னின்று நடத்துகிறார். மூன்று அடுக்குகள். அடியில் டிரைவர்: யுபிஎஸ்ஸோடு அதன் மொழியில் பேசுவது இதன் வேலை. நடுவில் யுபிஎஸ்டி என்கிற சர்வர்: டிரைவர் சொல்வதை வாங்கி 3493 என்ற டிசிபி போர்ட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுத்துச் சொல்லும். மேலே, அந்தச் சர்வரிடம் கேட்டுச் செயல்படும் கிளையன்ட்கள். அவற்றில் யுபிஎஸ்மான் என்பதுதான் நிலைமையைக் கவனித்து, தேவை வரும்போது கணினியை ஷட்டவுன் செய்கிறது. நடு அடுக்கு பேசும் மொழியை ரோஜர் பிரைஸ் ஆவணமாக எழுதி, அது 2022இல் ஆர்எஃப்சி என்கிற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 9271 என்று வெளிவந்தது. ஒரு மாலை ஒதுக்கி அதைப் படித்துவிடுங்கள். சைனாலஜி, ட்ரூநாஸ் போன்ற சேமிப்பு சர்வர்களிலோ ஹோம் அசிஸ்டன்ட் என்கிற வீட்டுத் தானியங்கி மென்பொருளிலோ யுபிஎஸ் பற்றிய பக்கத்தைப் பார்த்திருந்தால், அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதே நட்தான்.

இந்தப் பிரிப்பினால் ஒரு பெரிய வசதி உண்டு. மேலே உள்ள இரண்டு அடுக்குகளுக்கும் உங்கள் யுபிஎஸ் எந்தக் கம்பெனி என்பது தெரியவே தெரியாது. 'ஓஎல்' என்றால் லைன் கரண்டில் ஓடுகிறது, 'ஓபி' என்றால் பேட்டரியில் ஓடுகிறது, 'எல்பி' என்றால் பேட்டரி தீரப்போகிறது. ஓபியும் எல்பியும் சேர்ந்து வந்தால் யுபிஎஸ்மான் ஷட்டவுனைத் தொடங்கும். பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது தொடர்பே அறுந்துபோனாலும், வழக்கமாக 15 நொடி பொறுத்துவிட்டு, அதையும் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலடுக்குகளைச் சோதிக்க நிஜ யுபிஎஸ் தேவையே இல்லை. உங்கள் கேள்விக்கான பாதி விடை இதிலேயே இருக்கிறது.

சரி, டிரைவருக்கு வருவோம். உங்கள் சாதனத்துக்குப் புதிதாக டிரைவர் எழுத வேண்டிய தேவை வருவது அரிது. இணைந்துள்ள யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஓட்டி, சாதனத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். 0463 என்று தொடங்கினால் ஈட்டன் வழி வந்தது, 0764 என்றால் சைபர்பவர். இவை பெரும்பாலும் யுஎஸ்பி அமைப்பு 1997இல் வகுத்த மின்சாதன எச்ஐடி முறையில் (கீபோர்டு, மவுஸ் பேசும் முறையின் இன்னொரு கிளை) பேசும். அதற்கு யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் என்ற டிரைவர் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மலிவு விலை யுபிஎஸ்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 0665:5161 என்ற எண். சிலவற்றில் 0001:0000 என்று வரும். முன்பக்கத்தில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது மெகாடெக் வகை புரோட்டோகாலாக, அதாவது பேச்சு முறையாக, இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கான டிரைவரின் பெயர் நட்டிஆர்வி-கியூஎக்ஸ்; இனிமேல் கியூஎக்ஸ் என்றே சொல்கிறேன். உங்கள் கேள்வியில் அடையாள எண் இல்லை, அதனால் இரண்டு வழியையும் சொல்லிவிடுகிறேன்.

மெகாடெக் வகை கற்றுக்கொள்ள அருமையானது, ஏனென்றால் கண்ணாலேயே படித்துவிடலாம். 'கியூ1' என்று அனுப்பி ஒரு கேரேஜ் ரிட்டர்ன் (வரி முடிவுக் குறி) வைத்தால், பதில் ஓர் அடைப்புக்குறியில் தொடங்கி இப்படி வரும்: (231.2 231.2 230.8 018 50.1 13.6 30.0 00001001. வரிசையாக உள்ளே வரும் வோல்டேஜ், கடைசியாகப் பிரச்சினை வந்தபோது இருந்த வோல்டேஜ், வெளியே போகும் வோல்டேஜ், லோடு சதவீதம், ஃப்ரீக்வென்சி, பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை. கடைசியில் உள்ள எட்டு இலக்கங்களில்தான் விஷயம். முதலாவது 1 ஆனால் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது 1 ஆனால் பேட்டரி குறைவு. மூன்றாவது பைபாஸ் அல்லது பூஸ்ட், நான்காவது யுபிஎஸ்ஸிலேயே கோளாறு, ஐந்தாவது அது ஸ்டாண்ட்பை வகையா (கரண்ட் போனால் மட்டும் பேட்டரிக்கு மாறுவது) ஆன்லைன் வகையா (எப்போதும் தானே மின்சாரம் உருவாக்கித் தருவது) என்பது, ஆறாவது சோதனை ஓடுகிறதா, ஏழாவது ஷட்டவுன் நடக்கிறதா, எட்டாவது பீப்பர் இயங்குகிறதா. இறுதிக் கேரேஜ் ரிட்டர்னோடு சேர்த்து 47 எழுத்துகள், அவ்வளவுதான். பழைய சீரியல் போர்ட் வகைகளில் இதே பேச்சு 2400 பாட் வேகத்தில் நடக்கும்.

இவ்வளவு எளிய புரோட்டோகாலில்கூடக் கண்ணி இருக்கிறது. ஆன்லைன் வகை யுபிஎஸ்கள் பேட்டரி வோல்டேஜை ஒரு செல்லுக்கு இவ்வளவு என்று 2.05 மாதிரி சொல்லும். ஸ்டாண்ட்பை வகைகள் மொத்தமாக 13.6 மாதிரி சொல்லும். 'பேக்ஸ்' என்கிற பெருக்கெண்ணை டிரைவர் ஊகித்துக்கொள்ளப் பார்க்கும், தவறினால் நீங்கள் கையால் கொடுக்க வேண்டும். வெப்பநிலை நாள் முழுக்க ஒரே எண்ணில் நின்றால் உள்ளே சென்சாரே இல்லை என்று சந்தேகப்படுங்கள். புரோட்டோகால் ஆவணத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருப்பதால் மட்டும் அந்த இடத்தில் வரும் எண் அளந்து எடுத்ததாகிவிடாது.

அடையாள எண் ஒன்றாக இருப்பதாலும் பேச்சு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 0665:5161 என்பது யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் யுஎஸ்பி சிப்பின் அடையாளம்தான். அதற்குப் பின்னால் மெகாடெக், வோல்ட்ரானிக், மஸ்டெக் என்று பல கிளைமொழிகள் இருக்கலாம். கியூஎக்ஸ் டிரைவர் ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, எதற்கு ஒழுங்கான பதில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். 0001:0000 வகைகளில் சில, கட்டளைகளை யுஎஸ்பி ஸ்ட்ரிங் டிஸ்க்ரிப்டரை (சாதனம் தன் பெயர் போன்றவற்றைச் சொல்லும் எண்ணிட்ட வரிகளை) படிக்கும் கோரிக்கை வழியாகவே வாங்கிக்கொள்கின்றன. இன்ன எண்ணைக் கேட்டால் நிலவரம், இன்ன எண்ணைக் கேட்டால் சோதனை என்று போகும். இந்த வகையில் 'என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்று எல்லா எண்களையும் வரிசையாகக் கேட்டுப் பார்க்காதீர்கள். அவுட்புட்டை நிறுத்தும் கட்டளையும் அதே வழியில்தான் போகிறது. இந்தக் கட்டத்தில் உங்கள் கணினியை அந்த யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி வேறு சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டு வேலை செய்யுங்கள். யுஎஸ்பி கேபிள் மட்டும் இருக்கட்டும்.

எந்த முயற்சிக்கும் பதில் வராவிட்டால், விண்டோஸ் மென்பொருள் என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்க வேண்டும். லினக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸைப் போட்டு, யுபிஎஸ்ஸை அதற்கு ஒப்படைத்துவிட்டு, வெளியே லினக்ஸின் யுஎஸ்பிமான் வசதி வழியாக, வயர்ஷார்க் என்கிற ஒட்டுக்கேட்கும் கருவியில் பதிவு செய்யலாம். அப்சைலான், வியூபவர் போன்ற மென்பொருள் வந்திருந்தால் அது மெகாடெக் அல்லது வோல்ட்ரானிக் குடும்பம் என்பதற்கு நல்ல அறிகுறி. கம்பியில் ஓடும் பேச்சைக் கவனித்து நீங்களாக எழுதுங்கள். அவர்களுடைய நிரலைப் பிரித்து எடுத்து ஒட்டக் கூடாது. நட் ஜிபிஎல் என்கிற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருவது, அந்தக் கலப்பு திட்டத்துக்கே தொல்லை.

எச்ஐடி வகை என்றால் வேலை வேறு மாதிரி. யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் டிரைவரில் 'எக்ஸ்ப்ளோர்' என்று ஒரு முறை இருக்கிறது. விற்பனையாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கொடுத்து, டீபக் அளவை (விவரப் பதிவின் அளவை) கூட்டி ஓட்டினால், சாதனம் தன்னைப் பற்றி அறிவிக்கும் எல்லாவற்றையும் கொட்டும். அந்தக் கொட்டலிலிருந்து துணை டிரைவருக்கான சட்டகத்தை உருவாக்கித் தரும் ஸ்கிரிப்டும் நட் மூலத்திலேயே இருக்கிறது. பெயர்களைச் சரியான நட் மாறிகளோடு பொருத்துவது உங்கள் பொறுப்பு. இங்கே பிரச்சினை, சாதனம் தன்னைப் பற்றியே தவறாகச் சொல்வது. நட் நிரலில் சைபர்பவருக்கான கோப்பைத் திறந்து பாருங்கள்: பேட்டரி வோல்டேஜ், அறிவிக்கப்பட்ட பெயரளவு வோல்டேஜைப் போல 1.4 மடங்குக்கு மேல் வந்தால், அதை மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொள் என்று எழுதியிருக்கும். எந்தத் தர ஆவணத்திலும் இது கிடையாது. யாரோ ஒருவர் மல்டிமீட்டரை வைத்து அளந்து, எண் பொருந்தவில்லை என்று எழுதி அனுப்பியதால் வந்த வரிகள் இவை. இந்த மென்பொருளின் அறிவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அளவீடுகளால்தான் சேர்ந்திருக்கிறது. எனவே உங்கள் சாதனம் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் வெளியே இருந்து ஒரு முறையாவது சரிபார்ப்பதுதான் நீங்கள் தரக்கூடிய முதன்மையான பங்களிப்பு என்று நினைக்கிறேன். நிரல் அதற்கு அடுத்தது.

இப்போது சோதனை. மாற்றம் ஒன்றை நீங்கள் அனுப்பியவுடன், திட்டத்தின் தானியங்கிச் சோதனைக் களம் அதை ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும், சி மொழியின் சி99 முதல் மேலே உள்ள பல தரங்களில், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்இண்டியானா, மேக், விண்டோஸ் என்று பல தளங்களில் கட்டிப் பார்க்கும். எச்சரிக்கைகளைக்கூடப் பிழையாக எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் அதில் உண்டு. முதல் முறை சிவப்பாக வந்தால் மனம் தளர வேண்டாம். உங்கள் மடிக்கணினியில் சத்தமில்லாமல் கட்டப்பட்ட நிரல், 'கேரக்டர்' வகைக்கு மைனஸ் மதிப்பு உண்டா இல்லையா என்பது மாறுபடும் இன்னொரு கணினியில் மாட்டிக்கொள்ளும். இந்த அடுக்கு நிரூபிப்பது ஒன்றுதான்: நிரல் எல்லா இடத்திலும் கட்டப்படுகிறது. யுபிஎஸ் பற்றி அது எதுவும் சொல்லாது.

அதற்கு மேலே டம்மி-யுபிஎஸ். இது ஒரு டிரைவர் மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் சாதனத்துக்குப் பதில் ஒரு கோப்பைப் படிக்கும். யுபிஎஸ்ஸின் எல்லா விவரங்களையும் காட்டும் யுபிஎஸ்சி கட்டளையின் வெளியீட்டை அப்படியே கோப்பில் சேமித்தால் அதுவே டம்மி யுபிஎஸ் ஆகிவிடும். வரிசைக் கோப்பு என்று இன்னொரு வகை உண்டு. நிலை ஓஎல், பிறகு டைமர் போட்டுச் சில நொடி, பிறகு ஓபி, இன்னும் சில நொடி, பிறகு ஓபி எல்பி என்று எழுதிவைத்தால் ஒரு முழு மின்தடையை மேசையிலேயே நடத்திக் காட்டும். 'நிட்' என்கிற ஒருங்கிணைப்புச் சோதனை ஸ்கிரிப்ட் இதைத்தான் பயன்படுத்துகிறது: டம்மி டிரைவர்களையும் யுபிஎஸ்டியையும் கிளையன்ட்களையும் ஒரு தனிக் களத்தில் எழுப்பி, கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா என்று பார்க்கும். 'மேக் செக்-நிட்' என்று ஓட்டினால் போதும், ரூட் அனுமதிகூடத் தேவையில்லை.

நீங்களாகச் சேர்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கெட்ட பதில்களை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள். 47 எழுத்து வர வேண்டிய இடத்தில் 30 எழுத்து வந்தால்? எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு வந்தால்? யுஎஸ்பி கேபிளைப் பாதியில் உருவினால்? டிரைவர் செய்யக் கூடாதது, பழைய எண்களைப் புதியவை போலத் தொடர்ந்து சொல்வது. தகவல் பழசாகிவிட்டது என்று அது ஒப்புக்கொண்டால்தான் மேலே இருக்கும் யுபிஎஸ்மான் சரியான முடிவுக்கு வரும். குப்பைப் பதில் ஒன்றை 'கரண்ட் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும் டிரைவரைவிட டிரைவர் இல்லாமலே இருப்பது நல்லது. இல்லை என்றாவது தெரியும்.

அடுத்தது நிஜச் சாதனம், நிஜ மின்தடை. முதலில் பாதுகாப்பு. பிளக்கை உருவாதீர்கள். உருவினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும்; யுபிஎஸ் உள்ளே 230 வோல்ட் உற்பத்தி செய்துகொண்டிருக்கும்போது எர்த் இல்லாமல் இருப்பது நல்லதல்ல. நம் ஊர் சாக்கெட்டில் சுவிட்ச் இருப்பது இங்கே பெரிய வசதி. சுவிட்சை அணைத்தால் பேஸ் மட்டும் துண்டிக்கப்பட்டு எர்த் அப்படியே இருக்கும். வயரிங் மாறிப்போய் நியூட்ரல் சுவிட்சில் வந்திருக்கிறதா என்று டெஸ்டரை வைத்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ்ஸின் மூடியைத் திறக்க வேண்டாம். சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் என்றாலும் ஷார்ட் ஆனால் ஸ்பானரைச் சிவக்க வைக்கும் கரண்ட் அதில் உண்டு.

லோடாக சர்வரை வைக்காதீர்கள், குண்டு பல்புகளை வையுங்கள். 600 விஏ பெட்டி நிஜத்தில் 360 வாட் அளவுக்கே தாங்கும், எனவே 100 வாட் பல்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பார்க்கலாம். பல்பு அணைந்தால் நஷ்டமில்லை, எப்போது அணைந்தது என்பது அறை முழுக்கத் தெரியும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் வேண்டாம், அவை 600 விஏவுக்கு மிக அதிகம். சுவிட்சை அணைத்து, பேட்டரி வோல்டேஜையும் நிலைச் சொற்களையும் சில நொடிக்கு ஒரு முறை நேரத்தோடு பதிவு செய்யுங்கள். எல்பி எப்போது வந்தது, அதற்குப் பிறகு பல்பு எவ்வளவு நேரம் எரிந்தது என்ற இடைவெளிதான் நீங்கள் தேடும் எண். உங்கள் கணினி ஒழுங்காக அணைய ஒரு நிமிடம் பிடிக்கிறது, எல்பிக்குப் பிறகு யுபிஎஸ் இருபது நொடிதான் தாங்குகிறது என்றால், டிரைவர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அப்போது எல்பியைப் புறக்கணிக்கச் சொல்லி, சதவீதத்தையோ மீதி நேரத்தையோ வைத்து முன்கூட்டியே முடிவெடுக்கும்படி அமைக்க நட்டில் வழி இருக்கிறது.

ஆனால் அந்தச் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்? இதுவரை சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. இனி வருவது ஊகப் பிரதேசம். மெகாடெக் வகை யுபிஎஸ் பேட்டரிச் சதவீதத்தைச் சொல்வதே இல்லை, வோல்டேஜைத்தான் சொல்கிறது. டிரைவர் அதைக் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே நேர்கோடாகப் பிரித்துச் சதவீதமாக்குகிறது. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் 12 வோல்ட் பேட்டரிக்கு அந்த எல்லைகள் 10.4, 13.0. கரண்ட் இருக்கும்போது சார்ஜர் 13.6இல் வைத்திருக்கும், 100 சதவீதம் என்று காட்டும். கரண்ட் போய் லோடு ஏறியதும் வோல்டேஜ் நொடியில் 12.2க்கு இறங்கினால், காட்டும் எண் 69. பேட்டரியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு அந்த நொடியில் காலியாகிவிடவில்லை. அதேபோல் கரண்ட் திரும்பியதும் சார்ஜர் வோல்டேஜைத் தூக்கிவிடும், காலி பேட்டரியும் சீக்கிரமே நிறைந்தது போலத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கரண்ட் போகும் நாட்களில் ஏமாற்றுவது இந்த எண்தான்.

பல்பு வைத்து எடுத்த அளவுகள் இங்கே கை கொடுக்கும். கியூஎக்ஸில் 'ரன்டைம்கால்' என்று ஓர் அமைப்பு உண்டு. முழு லோடில் எத்தனை நொடி, பாதி லோடில் எத்தனை நொடி என்று கொடுக்கலாம். கையேட்டில் உள்ள உதாரணம் 100 சதவீதத்தில் 240 நொடி, 50 சதவீதத்தில் 720 நொடி. லோடு பாதியானால் நேரம் இரண்டு மடங்கல்ல, மூன்று மடங்கு ஆவதைக் கவனியுங்கள். லெட் ஆசிட் பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் மொத்தமாகக் கிடைப்பதே குறையும். 1897இல் பாய்கெர்ட் எழுதி வைத்த விதி இது. இந்த இரண்டு அளவுகளைக் கொடுத்தபின் டிரைவர் வோல்டேஜை மட்டும் நம்பாமல், எவ்வளவு லோடில் எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். முன்னதைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் இன்றைய பேட்டரிக்கு எடுத்த அளவு இரண்டு வருடம் கழித்துப் பொருந்தாது. சூடு பத்து டிகிரி கூடினால் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. ஏசி இல்லாத சென்னை அறையில் மேசைக்கு அடியில் கிடக்கும் யுபிஎஸ்ஸை வருடத்துக்கு ஒரு முறையாவது பல்பு வைத்து மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

கடைசிச் சோதனை முழு ஷட்டவுன். பலரும் பாதியில் விடும் இடம் இது. கணினி அணைந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள்: எல்பி வந்து கணினி அணையத் தொடங்குகிறது, பாதியில் கரண்ட் திரும்பிவிடுகிறது. கணினி அணைந்து நிற்கும். யுபிஎஸ்ஸின் அவுட்புட் ஒரு நொடிகூட நிற்காததால், மின்சாரம் போய் வந்தது என்பதே கணினிக்குத் தெரியாது. யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை அப்படியே கிடக்கும். இதற்காகத்தான் யுபிஎஸ்மான் ஷட்டவுன் தொடங்கும்போது ஓர் அடையாளக் கோப்பை உருவாக்குகிறது. கோப்பு முறைமைகள் எழுத முடியாத நிலைக்குப் போன கடைசிக் கட்டத்தில், சிஸ்டம்டியின் (லினக்ஸைத் தொடங்கி அணைக்கும் நிரலின்) அணைப்பு ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் பார்த்து, டிரைவர் மூலம் யுபிஎஸ்ஸுக்கு 'சில நொடி கழித்து அவுட்புட்டை நிறுத்து, கரண்ட் வந்ததும் திரும்பக் கொடு' என்று கட்டளை இடும். யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ்ஸில் நிறுத்தும் தாமதம் வழக்கமாக 20 நொடி, கியூஎக்ஸில் 30 நொடி. திரும்பக் கொடுக்கும் தாமதம் முறையே 30 நொடி, 180 நொடி. கரண்ட் இடையில் திரும்பியிருந்தாலும் யுபிஎஸ் ஒரு முறை அணைந்து எழ வேண்டும், அப்போதுதான் கணினி எழும். பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானாக இயங்கு' என்பதைப் போட்டிருக்கவும் வேண்டும்.

உங்கள் யுபிஎஸ் இதைச் சரியாகச் செய்கிறதா என்பதை எந்த ஆவணமும் உறுதி சொல்லாது. கரண்ட் இருக்கும்போது நிறுத்தும் கட்டளை வந்தால் சில மலிவு வகைகள் அதைக் கண்டுகொள்வதில்லை, சில அணைந்தபின் எழுவதே இல்லை. எனவே இரண்டு விதமாகச் சோதியுங்கள்: கட்டளைக்குப் பிறகு சுவிட்ச் அணைந்தே இருக்கும்படி ஒன்று, கட்டளைக்கும் நிறுத்தத்துக்கும் இடையில் சுவிட்சைப் போட்டு ஒன்று. முதலில் பல்போடு, பிறகு முக்கியமில்லாத ஒரு பழைய கணினியோடு. யுபிஎஸ்மானுக்கு எஃப்எஸ்டி (கட்டாய ஷட்டவுன்) கட்டளை கொடுத்தால் பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல் இந்தச் சங்கிலி முழுவதையும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே யுபிஎஸ்ஸில் பல கணினிகள் இருந்தால், யுஎஸ்பி கேபிள் இணைந்தது பிரைமரி, மற்றவை செகண்டரி. செகண்டரிகள் விலகுவதற்காகப் பிரைமரி வழக்கமாக 15 நொடிதான் காத்திருக்கும். விர்ச்சுவல் மெஷின்களைச் சுமக்கும் செகண்டரிக்கு அது போதாது, கூட்டி வையுங்கள்.

அனுப்பும் முன் ஒரு விஷயம். உங்கள் டிஸ்ட்ரிபியூஷனில் உள்ள பதிப்பை வைத்துப் பிழை எழுதாதீர்கள். 2.7.4 வந்தது 2016இல், அடுத்த 2.8.0 வந்தது 2022இல். உபுண்டு 22.04 வைத்திருந்தால் உங்களிடம் இருப்பது அந்தப் பழைய 2.7.4. இடைப்பட்ட வருடங்களில் திருத்தப்பட்டவை ஏராளம், உங்கள் சாதனமே அதில் சேர்ந்திருக்கலாம். மூலத்தை இறக்கி, நீங்களே கட்டி, அதில் ஓட்டிப் பாருங்கள். வேலை செய்தால் யுபிஎஸ்சி வெளியீட்டைத் திட்டத்தின் சாதனத் தகவல் நூலகத்துக்கு அனுப்புங்கள். கோப்புப் பெயரில் தயாரிப்பாளர், மாடல், டிரைவர், நட் பதிப்பு வரிசையாக வர வேண்டும், உள்ளே உள்ள சீரியல் எண்ணை மறைத்துவிடுங்கள். எந்தக் கட்டளையை நிஜமாக ஓட்டிப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று தனியாக எழுதுங்கள். 'படிப்பது வேலை செய்கிறது, ஷட்டவுன் சோதிக்கவில்லை' என்ற வரி அடுத்து அதே பெட்டியை வாங்குகிறவருக்கு மிகவும் உதவும்.

இன்வெர்ட்டர் பற்றி: வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவற்றில் தகவல் தரும் போர்ட் கிடையாது, அப்போது டிரைவர் எழுத எதுவுமே இல்லை. ஆனால் ஒரு பழைய வழி இருக்கிறது. நட்டில் ஜெனரிக்யுபிஎஸ் என்ற டிரைவர், சீரியல் போர்ட்டின் கம்பிகள் உயர்ந்திருக்கின்றனவா தாழ்ந்திருக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்கும். எந்தக் கம்பி எதைக் குறிக்கிறது என்று நீங்களே அமைக்கலாம். இன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள லைனில் 230 வோல்ட் ரிலே ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டு, அதன் தனிக் கான்டாக்டை அந்தக் கம்பிகளுக்குக் கொடுத்தால் ஓஎல், ஓபி இரண்டும் கிடைக்கும். எல்பி கிடைக்காது. அதனால் ஓபி வந்து இத்தனை நிமிடம் ஆனால் அணை என்று நட்டின் டைமர் நிரலான யுபிஎஸ்ஸ்கெட் மூலம் டைமர் வைக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது மறுபடியும் நீங்கள் பல்பு வைத்து அளந்து சொல்ல வேண்டியதே. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் மாறும் நேரத்திலேயே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். முதலில் எல்எஸ்யுஎஸ்பியில் வரும் எண்ணையும், டீபக் கூட்டி ஓட்டிய கியூஎக்ஸின் முதல் நூறு வரியையும் இங்கே போடுங்கள். எந்தக் குடும்பம் என்று அதிலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.